தட்டக்காவின் இடது கால்

ஒருத்தி தன் காலைத் தானே காவல் காக்க வேண்டியிருந்தால் அது என்ன பிழைப்பு, நீங்களே சொல்லுங்கள். தட்டக்காவுக்கு ஒன்பது வருஷமாக அந்தப் பிழைப்புதான். வலது கால் பரம சாது, வைத்த இடத்தில் கிடக்கும். இடது கால்தான் எமகாதகக் கால். மேடையில் விளக்கு எரிந்து, பாட்டு சூடு பிடித்து, இவள் கொஞ்சம் தன்னை மறந்தாளோ இல்லையோ, அது பாட்டுக்குத் தரையை மிதிக்க ஆரம்பித்துவிடும். மிதிக்கட்டுமே என்கிறீர்களா? தாராளமாக மிதிக்கலாம். தப்பான இடத்தில் அல்லவா மிதிக்கிறது!

காலின் கதைக்கு முன்னால் கையின் கதையைச் சொல்லிவிட வேண்டும். தட்டக்காவுக்கு வேலை பீங்கான் தொழிற்சாலையில். பீங்கான் என்றதும் பூப்போட்ட கோப்பையை நினைத்துக்கொள்ளாதீர்கள். கைகழுவும் தொட்டி, கழிப்பறைத் தொட்டி, அவ்வளவுதான். சூளையிலிருந்து வெந்து வரும் ஒவ்வொரு தொட்டியையும் சின்ன மரச் சுத்தியலால் ஏழு இடத்தில் தட்டிப் பார்க்க வேண்டும். விளிம்பில் இரண்டு, வயிற்றில் மூன்று, அடியில் இரண்டு. நல்ல தொட்டி ‘ணங்’ என்று பேசும். முடியளவு விரிசல் இருந்தாலும் ‘டப்’ என்று தொண்டை கட்டிக்கொள்ளும். கண்ணுக்குத் தெரியாத விரிசல் அவள் காதுக்குத் தெரிந்துவிடும். ஒரு நாளைக்கு முந்நூறு தொட்டி வீதம் இருபத்தாறு வருஷம் தட்டியிருக்கிறாள். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும்தான் உயிரோடு இருக்கிறது. மற்ற இடங்களில் எல்லாம் அவள் தட்டக்காதான்.

இந்த வேலையில் அவளுக்கு ஒரு குறையும் இல்லை. குறை எல்லாம் நாத்தனாருக்குத்தான். வீட்டுக்காரரின் தங்கை, இரண்டு தெரு தள்ளி இருக்கிறாள், வாய் மட்டும் எல்லாத் தெருவிலும் இருக்கும். ஒரு கல்யாண வீட்டில், சொந்தக்காரர்கள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, அவள் தட்டக்காவின் தோளில் கை போட்டுக்கொண்டு சொன்னாள்:

“எங்க அண்ணி சாதாரண ஆள் இல்லீங்க. நீங்க எல்லாரும் காலைல நிம்மதியா உட்கார்றீங்கன்னா, அது அவங்க தட்டிப் பார்த்துக் கொடுத்தது.”

பந்தியே சிரித்தது. தட்டக்காவும் சிரித்தாள். வீட்டுக்கு வந்து துணியை மடிக்கும்போது அழுதாள். பார்சல் வண்டி ஓட்டும் வீட்டுக்காரர் பக்கத்தில் வந்து நின்று, “அவ வாய் அப்படித்தான், விடு” என்றார். விடு என்று சொல்வது சுலபம். அதை அவள் மனதில் வைத்துக்கொண்டாள்.

ஒன்பது வருஷத்துக்கு முன்னால், தொழிற்சாலையின் பேக்கிங் பகுதிக்கு ஒரு பையன் தற்காலிக வேலைக்கு வந்தான். பையன் என்றால் இருபத்தெட்டு வயது. பெட்டியில் வைக்கோல் திணிக்கிற நேரம் போக மற்ற நேரமெல்லாம் தட்டக்காவையே பார்த்துக்கொண்டிருப்பான். போதாததற்குக் கைக்கடிகாரத்தை வேறு அடிக்கடி பார்த்துக்கொள்வான். மூன்றாம் நாள் அவளுக்குப் பொறுக்கவில்லை.

“என்ன தம்பி, என் மூஞ்சில ஏதாவது எழுதி ஒட்டியிருக்கா?”

“மூஞ்சியை யார்க்கா பார்த்தா? உங்க கையைப் பார்க்கிறேன். காலைல எட்டு மணிக்கு என்ன வேகமோ அதே வேகம் சாயங்காலம் நாலு மணிக்கும். ஒரு இழை கூடலை, ஒரு இழை குறையலை. மனுஷக் கை இப்படி இருக்காதுக்கா. நான் பதினஞ்சு வருஷமா டிரம்ஸ் வாசிக்கிறேன், எனக்கே நகரும்.”

தட்டக்கா அவன் ஏதோ காப்பீடு விற்க வருகிறான் என்றே நினைத்தாள். இல்லை. அவன் ஒரு இசைக்குழுவில் இருந்தான். பாதி ஜாஸ், பாதி சோல் என்கிற மேல்நாட்டு உருக்கப் பாட்டு, இரண்டுக்கும் அடியில் ஓடுவது முழுக்க ஆப்பிரிக்கத் தாளம். குழுவின் பாட்டுக்காரிக்கு அப்பா மேற்கு ஆப்பிரிக்கக் கரையில் பிறந்தவர். அவர் கொண்டுவந்த இரட்டை இரும்பு மணி ஒன்று குழுவில் இருந்தது. அதை அடிக்க ஆள் இல்லை. வருகிறவர்கள் எல்லாம் ஒரு மாதத்தில் ஓடிவிடுகிறார்கள். ஏன் என்றால் அந்த மணியில் வித்தை காட்ட முடியாது. ஒரே வரிசை, ஏழு அடி. பாட்டு தொடங்கினதிலிருந்து முடிகிறவரை அதே ஏழு அடி. மற்ற எட்டுப் பேரும் அதன் மேல் ஏறி நின்றுகொண்டு என்ன வேண்டுமானாலும் செய்வார்கள். மணி நகரக் கூடாது.

“ஏழு அடிதானே?” என்றாள் தட்டக்கா. “அதைத்தானே நான் நாள் பூரா அடிக்கிறேன்.”

அன்றைக்குத் தேநீர் இடைவேளையில், தொட்டிகளை நகர்த்திக் கொண்டுவரும் கன்வேயர் பக்கத்திலேயே, ஒரு கைகழுவும் தொட்டியில் அவன் அந்த ஏழு அடியைத் தட்டிக் காட்டினான். சீராக வராது அது. ஒன்று நீளும், ஒன்று குறுகும், நொண்டிக்கொண்டே ஓடிப்போய்ச் சரியாக வீடு சேரும். அவள் மூன்று தடவை கேட்டாள், நான்காம் தடவை அடித்தாள். தம்பி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

வினையும் அங்கேயே தொடங்கியது. அந்தக் கன்வேயரின் சங்கிலியில் ஒரு கண்ணி கொஞ்சம் பெரியது. பல் சக்கரத்தில் மாட்டும்போதெல்லாம் தரை அதிரத் ‘தொம்’ என்று இடிக்கும். தொம், தொம், தொம் என்று ஓய்வே இல்லை. தட்டக்கா தொட்டியைத் தன் பக்கம் திருப்பும்போதே முதல் தட்டைத் தட்டிவிடுவாள். இரண்டாம் தட்டு அந்தத் ‘தொம்’மோடு சேர்ந்து விழும். அப்படித்தான் அந்த வரிசை அவள் உடம்பில் இறங்கியது. மறுநாளிலிருந்து முந்நூறு தொட்டியையும் அந்த ஏழடியில்தான் தட்டினாள். சோதனைப் பிரிவு முழுக்க, சுற்றி வேலை செய்கிற நாற்பது பேரும், வேண்டுமோ வேண்டாமோ, அதைத்தான் நாள் பூராவும் கேட்டார்கள்.

டயர் கடைக்கு மேல் மாடியில் ஒத்திகை அறை. வியாழக்கிழமை தோறும் வேலை முடிந்து நேரே அங்கே போவாள். முதல் நாளே குட்டு உடைந்தது.

“அக்கா, கை அற்புதம். கால் தப்பு.”

“காலா? நான் எங்கே காலால அடிச்சேன்?”

“கீழே பாருங்க.”

இடது கால் தன்பாட்டுக்கு மிதித்துக்கொண்டிருந்தது. அந்தத் தாளத்தில் கால் விழ வேண்டிய இடம் முதல் அடி. எல்லாரும் அங்கேதான் காலை ஊன்றுவார்கள், அங்கேதான் ஆடுவார்கள். தட்டக்காவின் கால் மட்டும் இரண்டாம் அடியில், கன்வேயர் சங்கிலி இடிக்கிற இடத்தில், போய் விழுந்தது. கேட்கிறவர்களுக்குப் பாட்டே வேறு பாட்டாகிவிடும். தம்பி தலையில் அடித்துக்கொண்டான். “நானும் அதே சங்கிலிச் சத்தத்திலதான் வேலை செய்றேன், எனக்கு ஒட்டலையே!” என்றான். காலை மாற்ற என்னென்னவோ செய்து பார்த்தார்கள். ஒரு தடவை அவன் அவள் பாதத்தின் மேல் தன் பாதத்தை வைத்து அழுத்திக்கொண்டே அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தான். அவன் எழுந்த உடனே கால் பழைய இடத்துக்குப் போய்விட்டது. கடைசியில் உயரமான முக்காலி ஒன்று வாங்கி, காலணியைக் கழற்றிவிட்டு, இடது காலை முக்காலியின் குறுக்குச் சட்டத்துக்குப் பின்னால் மாட்டிக்கொண்டு உட்கார வைத்தார்கள். கொக்கி போட்ட மாதிரி. ஒன்பது வருஷம் அப்படியே வாசித்தாள்.

நாத்தனார் ஒரு தடவை வந்து பார்த்துவிட்டுப் போனாள். திரும்பும் வழியில், “பாவம் அண்ணி, பாட்டுக்காரங்க எல்லாம் என்னென்னவோ வாசிக்கிறாங்க, உங்களை மட்டும் ஒரே இடத்துல டிங்கு டிங்குனு நிறுத்திட்டாங்களே. நம்ம வீட்டுக் கடிகாரமே இதைவிட நல்லா அடிக்கும்” என்றாள். தட்டக்கா ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டாள்.

சின்ன அரங்குகள், கல்லூரி விழாக்கள், திறந்தவெளி மேடைகள் என்று வருஷங்கள் ஓடின. பிறகு ஒரு நாள் பெரிய அழைப்பு வந்தது. நகரத்தின் பெரிய அரங்கு, மேலும் கீழுமாக ஆயிரத்து இருநூறு இருக்கை, ஞாயிற்றுக்கிழமை மாலை நாலு மணி. கச்சேரியை அப்படியே நேரடியாகப் பதிவு செய்து இசைத்தட்டாக வெளியிடப் போகிறார்கள். அதற்கப்புறம் பதினாறு ஊர்களுக்குப் பயணம். டயர் கடை மாடியில் அன்றைக்குக் கத்திய கத்தலில் கீழே இருந்த கடைக்காரர் ஓடி வந்து பார்த்தார்.

ஏற்பாட்டாளர் ஒத்திகைக்கு வந்தார். தாடியைச் சீராகக் கத்தரித்த, நிதானமாகப் பேசுகிற மனிதர். கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். கடைசி வரை கேட்டுவிட்டு, பாட்டுக்காரியைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசினார். அறை சின்னது, தட்டக்காவின் காதோ விரிசல் கேட்கிற காது.

“மணிச் சத்தம் எல்லா மைக்லயும் போய் விழுது. பதிவுல பெரிய தொல்லை. அதை மெஷின்ல போட்டுக்கலாம், ஒரே மாதிரி சத்தம்தானே? பயணத்துக்கும் எட்டுப் பேர் போதும்.”

பாட்டுக்காரி லேசுப்பட்டவள் இல்லை. அரை மணி நேரம் வாதாடினாள். கடைசியில் இப்படி ஒரு முடிவுக்கு வந்தார்கள்: ஞாயிற்றுக்கிழமை தட்டக்கா வாசிக்கலாம். அந்தப் பதிவில் மணியால் ஒரு தொந்தரவும் வரவில்லை என்றால் ஒப்பந்தத்தில் ஒன்பது பேர். வந்தால் எட்டு.

தம்பி அவளிடம் வந்து சொன்னான்: “அக்கா, நீங்க பாட்டுக்கு நகராம இருங்க, போதும். யார் தப்புப் பண்ணினாலும் உங்களைத் தேடித்தான் வருவாங்க.”

“கால்?” என்றாள் அவள்.

“காலைக் கட்டியே போட்ருங்க.”

தட்டக்கா அன்றைக்கு ராத்திரியே இதை வீட்டுக்காரரிடம் சொன்னாள். அவர் அதைத் தங்கையிடம் சொல்லாமல் இருந்திருக்கலாம், சொல்லிவிட்டார். நாத்தனார் உடனே, “அப்ப நானும் வரேன், கடைசிக் கச்சேரியா இருந்தாலும் இருக்கும்” என்றாள். இதைவிட மோசமான ஒன்றும் நடந்தது. சோதனைப் பிரிவு ஆட்கள் நாற்பது பேரும் சொல்லாமல் கொள்ளாமல் சீட்டு வாங்கிவிட்டார்கள். மாடியில் முதல் மூன்று வரிசை. அவர்களில் ஒருவர்கூட அதற்கு முன் ஜாஸ் என்ற சொல்லைக் காதால் கேட்டவர் இல்லை. நம்ம தட்டக்கா மேடை ஏறுகிறாள், அவ்வளவுதான் அவர்களுக்கு.

ஞாயிற்றுக்கிழமை அரங்கு நிறைந்தது. தட்டக்கா கறுப்புச் சட்டை போட்டுக்கொண்டு, மரப்பலகை மேடையின் இடது ஓரத்தில் தன் முக்காலியில் உட்கார்ந்தாள். காலணியைக் கழற்றி முக்காலிக்கு அடியில் தள்ளினாள். இடது காலைச் சட்டத்துக்குப் பின்னால் மாட்டிக்கொண்டாள். மணிக்கு எதிரே ஒரு மைக், முழங்கால் உயரத்தில் இன்னொன்று. ஒலிப்பதிவு அறையின் கண்ணாடிக்குப் பின்னால் ஏற்பாட்டாளர் நிற்பது தெரிந்தது.

முதல் ஐந்து பாட்டும் வெண்ணெயில் கத்தி போனது போல் போயின. ட்ரம்பெட்காரர் ஒரு இடத்தில் மூச்சே விடாமல் ஏறிக்கொண்டே போனார், முன்வரிசையில் ஒரு பெரியவர் எழுந்தே நின்றுவிட்டார். பியானோவும் சாக்ஸபோனும் ஒன்றை ஒன்று சீண்டிக்கொண்டு ஓடின. பாட்டுக்காரி தன் அப்பாவைப் பற்றிய பாட்டை முணுமுணுப்பாக ஆரம்பித்து, முடிக்கும்போது கூரையைப் பிய்த்தாள். அத்தனைக்கும் அடியில் அந்த ஏழடி மணி, இம்மி பிசகாமல். தட்டக்காவுக்கே தன் மேல் ஒரு மரியாதை வந்தது. கால் அசையவில்லை.

ஆறாவது பாட்டு மணியில் தொடங்குவது. வேறு ஒரு சத்தமும் இல்லாமல், இருட்டில், மணி மட்டும் தனியாக அந்த ஏழடியை நான்கு சுற்று அடிக்கும். பிறகு டிரம்ஸ், பிறகு பேஸ் கிட்டார், பிறகு மற்றவர்கள். விளக்கு அணைந்தது. தட்டக்கா அடித்தாள்.

இரண்டாம் சுற்றில் மாடியில் ஒரு குரல் கேட்டது. “ஏய், நம்ம தட்டு!”

அவ்வளவுதான். நாற்பது பேருக்கும் ஒரே நேரத்தில் உறைத்தது. ஒன்பது வருஷமாக நாள் முழுக்கக் கேட்ட சத்தம், இவ்வளவு பெரிய அரங்கில், இத்தனை பேர் நடுவில்! சந்தோஷம் தாங்காமல் கை தட்ட ஆரம்பித்தார்கள். எங்கே தட்டினார்கள் தெரியுமா? அவர்களுக்குத் தெரிந்த ஒரே இடத்தில், சங்கிலி இடிக்கிற இடத்தில். இரண்டாம் அடியில், தொம், தொம் என்று, ஒரு ஆள் பிசகாமல், நாற்பது ஜோடி உழைத்த கை. அத்தனை உறுதியாகத் தட்டினால் யாருக்குச் சந்தேகம் வரும்? மாடி முழுக்கச் சேர்ந்துகொண்டது. கீழ்த்தளமும் சேர்ந்துகொண்டது. டிரம்ஸ் சரியான இடத்தில், முதல் அடியில் வந்து இறங்கியபோது, ஆயிரத்து இருநூறு பேரும் வேறு இடத்தில் தட்டிக்கொண்டிருந்தார்கள்.

அப்போதும் சமாளித்திருக்கலாம். தம்பி பல்லைக் கடித்துக்கொண்டு இன்னும் பலமாக அடித்தான். மற்றவர்கள் அவனைப் பிடித்துக்கொண்டார்கள். ஆனால் பாட்டுக்காரிக்கு ஒரு பழக்கம் உண்டு. இந்தப் பாட்டில் மட்டும், கையில் மைக்கோடு மேடையை விட்டு இறங்கி, ஜனங்களுக்கு நடுவே நடந்து கடைசி வரிசை வரைக்கும் பாடிக்கொண்டே போய்த் திரும்புவாள். வழக்கம் போல இறங்கினாள். பத்து வரிசை தாண்டியதும் மேடைச் சத்தம் அவளுக்கு எட்டவில்லை. சுற்றிலும் கைதட்டல்தான். அதுதான் தாளம் என்று எடுத்துக்கொண்டு, அதன் மேல் ஏறி அழகாகப் பாட ஆரம்பித்தாள்.

மேடை இரண்டாகப் பிளந்தது. அவள் ஒரு வரி பாடி நிறுத்தினால் ட்ரம்பெட்டும் சாக்ஸபோனும் பதில் சொல்ல வேண்டும். அவள் நிறுத்தும்போது இவர்கள் இன்னும் காத்திருந்தார்கள், இவர்கள் வாசிக்கும்போது அவள் அடுத்த வரியில் இருந்தாள். ட்ரம்பெட்காரர் தவறான இடத்தில் ஊதிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார். பேஸ் கிட்டார் அவளோடு போவதா டிரம்ஸோடு நிற்பதா என்று தெரியாமல் திணறியது. கண்ணாடிக்குப் பின்னால் ஏற்பாட்டாளர் கையை உயர்த்தி ஒலிப்பதிவுக்காரரிடம் ஏதோ சொல்வதைத் தட்டக்கா பார்த்தாள்.

தம்பி அவளைப் பார்த்தான். பார்வையிலேயே கெஞ்சினான். நகராதீங்கக்கா.

அவள் நகரவில்லை. கை அதே இடத்தில் அடித்துக்கொண்டிருந்தது. ஆனால் தலைக்குள் வேறு ஒன்று ஓடியது. இது நம்மால் வந்த வினை. நம்ம ஆட்கள் நமக்காகத் தட்டுகிறார்கள், நாம் சொல்லிக் கொடுத்த தப்பைத் தட்டுகிறார்கள். அவர்களை மாற்ற முடியுமா? ஒன்பது வருஷமாக என் ஒரு காலை என்னால் மாற்ற முடியவில்லை. நாற்பது பேரை, அவர்கள் பின்னால் போன ஆயிரம் பேரை, இந்த நொடியில் யார் மாற்றுவது? பாட்டுக்காரி தூரத்தில் இருக்கிறாள். அவளும் வர மாட்டாள். அப்படியானால் மேடைதான் போக வேண்டும். மேடைக்கு வழி காட்ட வேண்டும் என்றால், அந்த இடம் இந்த எட்டுப் பேரில் யாருக்குத் தெரியும்? எனக்குத்தான் தெரியும்.

மணிக்கு நேர் எதிரே மைக். முழங்காலுக்கு இன்னொன்று. மிதித்தால் அத்தனையும் பதிவில் விழும். தொந்தரவு மணியால்தான் வந்தது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். பதினாறு ஊரும் போகும், வியாழக்கிழமைகளும் போகும், நாத்தனாருக்கு ஆயுசுக்கும் பேச ஒரு கதை கிடைக்கும்.

ஆனது ஆகட்டும் என்று தட்டக்கா இடது காலைச் சட்டத்திலிருந்து உருவினாள்.

தொம்.

மரப்பலகை அதிர்ந்தது. வெறுங்காலால், குதிகாலை ஊன்றி, உடம்பின் கனம் முழுக்க இறக்கி மிதித்தாள். கை பழைய இடத்தில், கால் சங்கிலியின் இடத்தில். தொம், தொம், தொம். ஒன்பது வருஷம் பூட்டி வைத்த கால் அல்லவா, விட்டதும் சும்மா பாய்ந்தது. பக்கத்தில் நின்ற பேஸ் கிட்டார்க்காரர் உள்ளங்காலில் ஷாக் அடித்த மாதிரி திரும்பினார்.

தம்பி ஒரு கணம் முழித்தான். அடுத்த கணம் அவன் முகம் மாறியது. எட்டு மாசம் பேக்கிங் பகுதியில் வைக்கோல் திணித்தவனுக்கு அந்தச் சத்தம் தெரியாதா? தனக்கு ஒட்டவில்லை என்று பீற்றிக்கொண்டானே, உள்ளே எங்கேயோ ஒட்டித்தான் இருந்திருக்கிறது. அடிப்பதை அப்படியே நிறுத்தினான். இரண்டு எண்ணிக்கை சும்மா இருந்தான். மூன்றாவதில், தட்டக்காவின் கால் இறங்கின அதே இடத்தில், இரண்டு கையையும் ஒரு காலையும் சேர்த்து இறக்கினான்.

அரங்கே ஒரு தடவை குலுங்கியது. ஆயிரத்து இருநூறு பேரின் கைதட்டலும், டிரம்ஸும், காலும் ஒரே இடத்தில் விழுந்தால் எப்படி இருக்கும் என்று கேட்டவர்களுக்குத்தான் தெரியும். பேஸ் கிட்டார் உள்ளே குதித்தது. பாட்டுக்காரி கடைசி வரிசைக்குப் பக்கத்தில் நின்று ஒரு வரியைப் பாடி முடித்தாள், முடித்த அந்த நொடியில் ட்ரம்பெட்டும் சாக்ஸபோனும் பதில் சொல்லின. அவள் திரும்பி மேடையைப் பார்த்துச் சிரித்தாள். அங்கே என்ன நடந்தது என்று அவளுக்கு அப்போது தெரியாது. ஏதோ சரியாக இல்லாமல் இருந்தது, இப்போது சரியாகிவிட்டது, அவ்வளவு தெரிந்தது.

ஏழு நிமிஷப் பாட்டு பதினான்கு நிமிஷம் போனது. யாரும் நிறுத்தத் தயாராக இல்லை. மணி பழைய மணிதான், ஏழடியும் பழைய ஏழடிதான், ஆனால் கால் மாறியதும் அந்தப் பாட்டு உடம்பைப் பிடித்துத் தள்ளுகிற வேறு பாட்டாக எழுந்து நின்றது. கீழ்த்தளம் முழுக்க எழுந்து ஆடியது. மாடியில் அந்த நாற்பது பேரும் கைப்பிடிச் சுவரில் சாய்ந்துகொண்டு தட்டினார்கள். தட்டக்கா அழுதுகொண்டே அடித்தாள். கண்ணைத் துடைக்க ஒரு கை வேண்டும், கை சும்மா இல்லை. போகட்டும் என்று விட்டுவிட்டாள். இத்தனை வருஷத்தில் அவளுடைய கையும் காலும் ஒரே மேடையில் சேர்ந்து இருந்தது அன்றைக்குத்தான்.

கச்சேரி முடிந்து மேடைக்குப் பின்னால் இருந்த அறைக்கு வந்ததும் தம்பி ஓடி வந்து அவள் காலைப் பிடித்தான். கும்பிடத்தான் போகிறானாக்கும் என்று அவள் பதறினாள். அவன் பாதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

“ரத்தம் கட்டிருக்குக்கா.”

“விடுடா. தப்பாப் போச்சே, பதிவுல எல்லாம் விழுந்திருக்குமே?”

“விழுந்திருக்கும். விழட்டும்.”

ஏற்பாட்டாளர் உள்ளே வந்தார். அவர் நேரே பாட்டுக்காரியிடம் போனார்.

“ஆறாவது பாட்டுல, நடுவுல தாளம் ஒரு புரட்டுப் புரண்டுச்சே, அது ஒத்திகையில இல்லையே. அது எந்த நாட்டு முறை? உங்க அப்பா ஊர்ப் பக்கமா?”

பாட்டுக்காரி அதற்குள் விஷயத்தைக் கேட்டுத் தெரிந்துகொண்டிருந்தாள். சிரிப்பை அடக்கிக்கொண்டு, “இல்ல, எங்க அப்பாவுக்கே தெரியாது. அது அக்காவோட ஃபாக்டரி” என்றாள்.

ஏற்பாட்டாளர் தட்டக்காவைப் பார்த்தார், அவள் வெறுங்காலைப் பார்த்தார், கதவு வழியே தெரிந்த மேடைப் பலகையைப் பார்த்தார். பொய் சொல்லக்கூடாது, அந்த மனிதருக்கு நல்ல காது.

“பாட்டு குலைஞ்சப்ப, பதிவை நிறுத்துங்கன்னு சொல்லக் கையைத் தூக்கினேன்” என்றார். “தூக்கின கையைக் கீழே போட மறந்துட்டேன். பதினாலு நிமிஷம் அப்படியே நின்னேன்.” பிறகு குரலைச் சரிசெய்துகொண்டு, “ஒன்பது பேர். அடுத்த ஊர்லேருந்து அந்தக் காலுக்கும் ஒரு மைக் வைக்கணும், நல்ல மைக்கா” என்றார்.

அதற்கப்புறம் அறையில் எழுந்த கூச்சலை நான் சொல்லப் போவதில்லை.

தட்டக்கா காலணியைத் தேடி மேடைக்குத் திரும்பினாள். முக்காலிக்கு அடியில் ஒன்றுதான் இருந்தது. இன்னொன்று அவள் மிதித்த மிதியில் எங்கேயோ போய்விட்டது. மேடைக்குக் கீழே, காலி நாற்காலிகளுக்கு நடுவே, யாரோ குனிந்து தேடிக்கொண்டிருந்தார்கள். நாத்தனார். வீட்டுக்காரர் கொஞ்சம் தள்ளி, கையைப் பிசைந்துகொண்டு, முகம் முழுக்கப் பல்லாக நின்றார்.

நாத்தனார் நிமிர்ந்தாள். கையில் இடது காலணி. கைக்குட்டையால் தூசியைத் தட்டிவிட்டு மேடை விளிம்பில் வைத்தாள். ஆயுசில் முதல் தடவையாக அவளுக்குப் பேச்சு வரத் தாமதமானது.

“அண்ணி, நான் மேலே உங்க ஆளுங்களோடதான் உட்கார்ந்தேன். தட்டக் கூடாதுன்னுதான் வந்தேன்.” உள்ளங்கை இரண்டையும் விரித்துக் காட்டினாள். சிவந்து கன்றிப் போயிருந்தன. “அவங்க தட்டினாங்களா, நானும் தட்டிட்டேன். தப்பான இடத்துலயாமே? டிரம்ஸ்காரத் தம்பி சொல்லுது, அந்தத் தப்பாலதான் எல்லாம் கவிழ இருந்துச்சாம். என் மேல கோவமா?”

இருபது வருஷமாகச் சேர்த்து வைத்த பதில்கள் தட்டக்காவின் வாய் வரைக்கும் வந்தன. ஒவ்வொன்றும் நல்ல பதில்தான். அந்தக் கன்றிப் போன கையைப் பார்த்துக்கொண்டே அத்தனையையும் திரும்ப விழுங்கினாள். மேடை விளிம்பில் உட்கார்ந்து காலணியைப் போட்டுக்கொண்டாள்.

“நீ சரியாத்தான் தட்டினே” என்றாள். “நாங்கதான் கொஞ்சம் தாமதமா வந்தோம்.”